ஃபீடரில் குடிக்கும் பறவை பூவை மறந்துவிடுமா?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில், பூந்தேன் குடிக்கும் சின்னப் பறவையான ஹம்மிங்பேர்டுக்காக, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவைக்கும் ஒரு ஃபீடர் மாட்டியிருக்கிறீர்கள். பறவை தினமும் வருகிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "சும்மா கிடைக்கிற சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அது ஏன் பூவுக்குப் போகப்போகிறது? இந்தப் பக்கத்துச் செடிகள் விதை வைக்காமல் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார். ஃபீடரைக் கழற்றிவிடட்டுமா, கழற்றாவிட்டால் டிசம்பரில் ஊருக்குப் போகும் ஒரு மாதம் பறவை என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபீடர் இருந்தால் பறவை பூக்களுக்குப் போவது குறையுமா என்பது ஒன்று. அப்படிக் குறைந்தால் செடிக்கு விதை குறையுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். பத்திரிகைக் கட்டுரைகளிலும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன்.

நான் படித்தது தாவரச் சூழலியல். எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள், வந்தவர்கள் உடம்பில் மகரந்தம் ஒட்டுகிறதா, ஒட்டியது அடுத்த பூவுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பறவை மருத்துவம் என் துறை இல்லை. அதனால் நோய் பற்றி வரும் இடத்தில் சுருக்கமாக நிறுத்திக்கொள்கிறேன்; செடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹம்மிங்பேர்டு சர்க்கரையை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது. பூந்தேன் பறப்பதற்கான எரிபொருள், அவ்வளவுதான். புரதம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் சின்ன ஈக்கள், கொசு மாதிரிப் பூச்சிகள், சிலந்திகள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. குஞ்சுக்கு ஊட்டும்போது தாய்க்குப் பூச்சி இல்லாமல் முடியாது. ஆகவே எவ்வளவு பெரிய ஃபீடர் தொங்கினாலும் பறவை நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காது. செடிகளுக்கு நடுவே போய்த்தான் ஆகவேண்டும். போகிற வழியில் பூ இருந்தால் அதிலும் அலகை விடும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. செடி தேனைச் சும்மா தருவதில்லை. மகரந்தத்தைச் சுமந்துபோக அது கொடுக்கும் கூலி அது. ஒரு பூவில் ஒரு நேரத்தில் இருப்பதும் மிகக் கொஞ்சம். 5 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 மில்லி பிடிக்கும் ஒரு ஃபீடரில் தொங்குவது 50,000 பூக்களின் தேன். பூவில் ஒருமுறை குடித்துவிட்டால் மறுபடி ஊற நேரம் பிடிக்கும். அதனால்தான் பறவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்துக்கும் மேலான பூக்களைத் தேடி அலைகிறது. அந்த அலைச்சலில்தான் மகரந்தம் செடி விட்டுச் செடி போகிறது. ஃபீடரோ வற்றுவதே இல்லை, கூலிக்கு வேலையும் கேட்பதில்லை. அலைச்சல் குறைந்தால் செடிக்கு நஷ்டம் என்று நினைப்பது சரியான யோசனைதான். ஆனால் யோசனை சரியாக இருப்பதால் வெளியே காட்டில் அப்படித்தான் நடக்கும் என்று ஆகிவிடாது.

முதலில் பறவை எதை விரும்புகிறது என்று பார்ப்போம். கொலராடோ மலைப்பகுதியில் காதிக் என்ற இடத்தில் ஒரு பழைய ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே வேலை செய்த டேவிட் இனோய், வில்லியம் கால்டர், நிக்கோலஸ் வேசர் மூவரும் 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபீடருக்கு வரும் பறவைகளை எண்ணி, அதை வைத்து அந்த வட்டாரத்தில் எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று சொல்ல முடியுமா என்பது அவர்கள் கேள்வி. முடியாது என்று தெரிந்தது. புல்வெளியில் பூ நிறைந்திருக்கும் நாட்களில் ஃபீடரில் பறவை குறைவு. பூ குறையும்போது ஃபீடரில் கூட்டம். அதாவது பூ தாராளமாக இருந்தால் பறவை பூவுக்குத்தான் போகிறது, ஃபீடர் இரண்டாம்பட்சம். உங்கள் பால்கனியிலும் மார்ச், ஏப்ரலில் திடீரென்று வருகை குறைந்தால் பறவைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். வெளியே பூத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கொலராடோவில் இருந்தது பூக்கள் கம்பளமாக விரிந்து கிடக்கும் மலைப் புல்வெளி. கான்கிரீட்டும் புல்தரையுமாக இருக்கும் ஊரில் பறவைக்கு அவ்வளவு தேர்வு இல்லை. அதனால் அந்த முடிவை அப்படியே நகரத்துக்குக் கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு.

அடுத்து, நான் மிகவும் மதிக்கும் ஓர் ஆய்வு. இந்தக் கேள்வியை முழுமையாக எடுத்துக்கொண்டு, பூவில் மகரந்தம் வந்து சேரவேண்டிய சூல்முடி வரை பின்தொடர்ந்து போனவை சிலதான். அதில் இது ஒன்று. பிரேசிலின் அட்லாண்டிக் மழைக்காட்டில், 13 வருடங்களாக விடாமல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துவந்த ஒரு இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் வரை, வெவ்வேறு தொலைவில் இருந்த சைக்கோட்ரியா நூடா என்ற புதர்ச்செடியைக் கவனித்தார்கள். அந்தக் காட்டுக்கே உரிய, ஹம்மிங்பேர்டை நம்பியிருக்கும் செடி அது. 2016இல் முடிவுகள் வந்தன. ஃபீடரிலிருந்து சுமார் 75 மீட்டருக்குள் பறவைகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறது. அதற்கு அப்பால் தூரத்துக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. சுமார் 125 மீட்டருக்குள் இருந்த செடிகளுக்கு, ஃபீடரை நெருங்க நெருங்க, வருகை குறையவில்லை, கூடியது. ஃபீடர் பறவைகளை அந்த இடத்துக்கு இழுத்துவிட்டது, வந்தவை பக்கத்துப் பூக்களையும் பார்த்துவிட்டுப் போயின. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு நேர் எதிர்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். வருகை கூடியும், சூல்முடியில் வந்து சேர்ந்த மகரந்தம் கூடவில்லை, குறையவும் இல்லை. தூரத்துக்கும் மகரந்தத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. ஏன் இப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன், நிரூபணம் இல்லை: ஃபீடருக்கும் பக்கத்துப் பூவுக்குமாகப் போய்வரும் பறவை, தூரத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவருவது குறைவாக இருக்கலாம், அல்லது சூல்முடிக்குத் தேவையானது முதல் சில வருகைகளிலேயே வந்து சேர்ந்துவிட, பிறகு வந்தவை கணக்கில் சேராமல் போயிருக்கலாம். எது காரணமாக இருந்தாலும், வருகையை எண்ணிவிட்டு அதை மகரந்தச் சேர்க்கை என்று சொல்லக்கூடாது. அதே இடத்தில் ஹெர்மிட் வகையைச் சேர்ந்த ஒரு மிகச் சின்ன ஹம்மிங்பேர்டு மட்டும் ஃபீடர் பக்கமே வரவில்லை என்றும் பதிவு செய்தார்கள். ஹெர்மிட்டுகள் காட்டின் நிழலில், தினம் ஒரே தடத்தில், தூரம் தூரமாக இருக்கும் பூக்களைத் தேடிப் போகிறவை. எல்லா ஹம்மிங்பேர்டும் ஃபீடருக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு.

இந்தப் படத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. மெக்ஸிகோ நகரத்தை ஒட்டிய ஒரு பூங்காவில் மரியா தெல் கோரோ அரிஸ்மெண்டியும் அவருடைய குழுவினரும் சால்வியா என்ற செடியின் இரண்டு இனங்களை வைத்து ஃபீடரின் விளைவைப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், ஃபீடர் இருந்தபோது பூக்களுக்கான வருகை குறைந்தது. விதை பிடிப்பதிலும் பாதிப்பு தெரிந்தது. பிறகு, கோஸ்டா ரிக்காவின் செர்ரோ தெ லா முவெர்த்தே என்ற உயரமான மலைப்பகுதியில், நிரந்தரமாக ஃபீடர் தொங்கும் ஒரு சாலையோர உணவகத்திலும் அதைவிட்டுத் தள்ளியும் 2003 முதல் 2005 வரை பறவைகளைப் பிடித்து, அவை சுமக்கும் மகரந்தத்தைப் பார்த்தார்கள். ஃபீடரை ஆக்கிரமிக்கும் பறவைகள் மகரந்தம் குறைவாகச் சுமக்கின்றன, இது அங்குள்ள செடிகளின் மகரந்தச் சேர்க்கையைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அங்கிருந்து வந்தது.

பறவை சுமக்கும் மகரந்தத்தை எப்படி அளப்பது என்று கேட்கலாம். ஃபுக்சின் என்ற சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியைச் சின்னக் கட்டியாக வெட்டி, பிடித்த பறவையின் அலகு, நெற்றி, மோவாய் மேல் மெதுவாக ஒற்றி எடுப்போம். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து இலேசாகச் சூடு காட்டினால் ஜெல்லி உருகும். மகரந்தத் துகள்கள் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறி மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். சில துகள் முக்கோணமாக, சில முள்முள்ளாக, சில வழுவழுவென்று உருண்டையாக இருக்கும். எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் அதிலிருந்தே சொல்லிவிடலாம். ஒற்றி எடுத்த இடமும் முக்கியம். ஒரு செடியின் மகரந்தம் நெற்றியில் ஒட்டும், இன்னொன்றுடையது அலகின் அடிப்பக்கத்தில். ஒரே பறவை பல செடிகளுக்கு வேலை செய்வது இப்படித்தான். ஆனால் பறவை சுமக்கும் மகரந்தம் குறைந்தது என்பதற்கும் செடி விதை இழந்தது என்பதற்கும் நடுவே இன்னும் பல படிகள் உண்டு. கோஸ்டா ரிக்கா முடிவைப் படிக்கும்போது அதை மறந்துவிடக் கூடாது.

தேன்சிட்டை வைத்தும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தேன்சிட்டுக்கும் ஹம்மிங்பேர்டுக்கும் சொந்தம் கிடையாது, தொழில் மட்டும் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஃபின்போஸ் என்ற புதர்க்காடு குடியிருப்புகளை ஒட்டியே இருக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் ஃபீடர் வைத்தால் பக்கத்துப் புதர்க்காட்டில் தேன்சிட்டுகள் குறைகின்றன, அங்கே பூக்களுக்கான வருகையும் குறைகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரேசிலில் ஃபீடர் காட்டுக்குள் இருந்தது. இழுத்த பறவைகளைக் காட்டிலேயே வைத்துக்கொண்டது. கேப்பில் ஃபீடர் ஊருக்குள் இருந்தது; காட்டிலிருந்து பறவைகளை ஊருக்கு இழுத்தது. முரண் என்று தோன்றும் முடிவுகளில் கொஞ்சத்தையாவது இது விளக்குகிறது என்று நினைக்கிறேன். ஃபீடர் எங்கே தொங்குகிறது, அது பறவைகளை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு இழுக்கிறது என்பதைச் சொல்லாமல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயன் இல்லை.

செடியின் தன்மை இன்னொரு பாதி. சில செடிகள் தன் மகரந்தத்தாலேயே விதை வைத்துக்கொள்ளும். பறவை வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். சில செடிகளுக்குப் பறவை வராவிட்டால் தேனீயாவது வரும். பிறசெடியின் மகரந்தம் கட்டாயம் வேண்டும், அதையும் பறவை மட்டுமே கொண்டுவர முடியும் என்ற நிலையில் இருக்கும் செடிகளை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். அதன் உச்சம் ஆண்டிஸ் மலையில் இருக்கிறது. அங்கே வாள் போன்ற அலகுடைய ஒரு ஹம்மிங்பேர்டு உண்டு. வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் உடம்பைவிட அலகு நீளம். பாஸிஃப்ளோரா மிக்ஸ்டா என்ற கொடியின் நீண்ட குழாய்ப்பூவுக்குள் அடிவரை எட்டுவது அந்த அலகுதான். ஈக்வடாரில் சில காப்புக்காடுகளில் இந்தப் பறவையையே ஃபீடரில் பார்க்கலாம்; பார்ப்பதற்கென்றே உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் போகிறார்கள். அது ஃபீடரில் கழிக்கும் நேரம் அந்தக் கொடிக்கு நஷ்டமா? நஷ்டம் என்று காட்டும் ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே பறவையை நம்பியிருக்கும் செடி பக்கத்தில் இருக்கும்போது, விதையை எண்ணிப் பார்க்காமல் ஃபீடர் மாட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. அதே சமயம், ஈக்வடாரின் மிண்டோ பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணம்தான் பல சிறிய தனியார் காடுகளை வெட்டுக்குப் போகாமல் வைத்திருக்கிறது. அந்தக் காடு போய்விட்டால் கொடியும் இல்லை, பறவையும் இல்லை. ஃபீடரை எடு என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, உங்கள் பால்கனிக்கு வருவோம். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்து, வெயில் படும்போது தலையும் கழுத்தும் ரோஜா நிறத்தில் மின்னுகிறது, வருடம் முழுக்க இருக்கிறது என்றால், அது அன்னா ஹம்மிங்பேர்டின் ஆண். ஃபீடர் ஒரு பறவையின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கூடு கட்டியது பாஹா கலிஃபோர்னியாவின் வடபகுதியிலும் தென் கலிஃபோர்னியாவிலும்தான். இன்று கனடாவின் வான்கூவர் வரை குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸ், வீட்டுத் தோட்டங்கள், ஃபீடர்கள் எல்லாம் சேர்ந்து அதற்கு வழி போட்டுக் கொடுத்தன. வீடுகளில் ஃபீடர் வைப்பவர்கள் அனுப்பும் பதிவுகளைத் தொகுக்கும் ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் தரவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, இந்தக் குளிர்காலப் பரவலுக்கும் நகரமயமாக்கல், ஃபீடர் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

2025இல் இன்னொரு ஆய்வு வந்தது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய உடல்களை அளந்து, ஃபீடர் பெருகப் பெருக இந்தப் பறவையின் அலகு நீண்டு ஒல்லியாகியிருக்கிறது என்றும், ஆண்களின் அலகு நுனி கூர்மையாகியிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஃபீடரில் சீக்கிரம் நிறைய உறிஞ்ச நீண்ட அலகு உதவலாம். கூர்மையான நுனி ஃபீடரைப் பிடிக்கும் சண்டைக்கு உதவலாம். அலகின் வடிவம் மாறினால் எந்தப் பூவுக்குள் எட்டும், மகரந்தம் எங்கே ஒட்டும் என்பதும் காலப்போக்கில் மாற வாய்ப்பு உண்டு. இந்தக் கடைசி வாக்கியம் என் யோசனை மட்டுமே. அந்த ஆய்வு அதை அளக்கவில்லை.

ஃபீடருக்கு வருவது ஹம்மிங்பேர்டு மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிஸோனாவின் டூஸான் பகுதியில் பகலில் ஹம்மிங்பேர்டு குடித்த ஃபீடரை இரவில் வௌவால்கள் வந்து காலி செய்கின்றன. அந்த வௌவால்கள்தான் அந்தப் பாலைவனத்தில் ஆனைக்கற்றாழைக்கும் சகுவாரோ கள்ளிக்கும் மகரந்தம் சுமப்பவை. வீட்டுக்காரர்கள் காலையில் ஃபீடரில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்து அனுப்ப, வௌவால்கள் எப்போது வந்து எப்போது போகின்றன என்று ஆய்வாளர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

உங்களுக்கு என் பதில்: கழற்ற வேண்டாம். சான் ஹோசே மாதிரி ஒரு ஊரின் நடுவில் உங்கள் ஒரு ஃபீடரால் எந்தச் செடியும் விதை இழக்கும் என்று நினைக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. சுற்றி இருப்பவை பெரும்பாலும் நர்சரியில் வாங்கி நட்ட அலங்காரச் செடிகள். மலையடிவாரத்தில், இயற்கையான புதர்க்காட்டை ஒட்டி வீடு இருந்து, தெரு முழுக்க எல்லோரும் ஃபீடர் வைத்திருந்தால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். கேப் ஆய்வு பார்த்தது அந்த மாதிரி இடத்தைத்தான்.

ஃபீடரோடு இரண்டு மூன்று தொட்டிச் செடிகளும் வையுங்கள். இந்த மண்ணுக்கே உரியவையாக இருக்கட்டும். ஹம்மிங்பேர்டு சேஜ் என்று கேட்டால் நர்சரியில் கொடுப்பார்கள், சால்வியா ஸ்பதேசியா. வசந்தத்தில் பூக்கும், ஓரளவு நிழலும் தாங்கும். கலிஃபோர்னியா ஃபூஷியா, அதாவது எபிலோபியம் கேனம், மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆகஸ்டிலிருந்து சிவப்பாகப் பூக்கும். நிலம் இருக்கும் நண்பர்கள் இருந்தால் ரைபிஸ் ஸ்பெசியோசம் நடச் சொல்லுங்கள். முள்ளு நெல்லி வகை; ஜனவரியிலேயே கிளை நெடுகச் சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள் தொங்கும். அன்னா ஹம்மிங்பேர்டு டிசம்பரிலேயே கூடு கட்ட ஆரம்பித்துவிடும், அதனால் அந்த நேரத்துப் பூவுக்கு மதிப்பு அதிகம்.

எபிலோபியம் பூத்திருக்கும்போது ஃபீடருக்கு வரும் பறவையின் நெற்றியைப் பாருங்கள். ஃபோன் கேமராவில் ஜூம் செய்தாலே போதும். அந்தப் பூவில் மகரந்தம் தூளாக உதிராது, ஒட்டும் மெல்லிய இழைகளில் கோத்துக்கொண்டு வரும். பூவுக்குப் போய்வந்த பறவையின் நெற்றியிலும் அலகின் அடியிலும் வெளிர்நிறத்தில் திட்டாகப் படிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். ஃபீடரில் குடிக்கும் அதே பறவை சற்று முன்னால் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். நெற்றி எப்போதுமே சுத்தமாக இருந்தால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மகரந்தம் உதிர்ந்திருக்கலாம், பறவை தன்னைக் கோதிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீர் விஷயம்: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். இந்தப் பறவைகள் விரும்பும் பூக்களின் தேனிலும் பெரும்பாலும் இதே சுக்ரோஸ்தான், அடர்த்தியும் கிட்டத்தட்ட இதுதான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம். நமக்கு நல்லது என்று தோன்றுவது அதற்கு நல்லதில்லை. சிவப்புச் சாயமும் வேண்டாம், ஃபீடரின் சிவப்பே போதும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள். கலிஃபோர்னியாவிலேயே டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஃபீடர் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். பூந்தேனில் இருப்பவையும் இவையும் வேறு வேறு, பெரும்பாலானவை பறவைக்கு நோய் தருபவையாகத் தெரியவில்லை என்றார்கள். ஆறுதலான செய்திதான், ஆனால் கழுவாமல் விட அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் பற்றி இதற்கு மேல் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. பறவை உடம்பை உப்பிக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தால் அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு மையத்தைக் கூப்பிடுங்கள். ஃபீடரைக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு மீட்டருக்குள் தொங்கவிடுங்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தால் பறவை வேகம் எடுத்துக் கண்ணாடியில் மோதுவது குறையும்.

டிசம்பரில் ஊருக்குப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சான் ஹோசேயில் அந்த மாதத்தில் மன்ஸனீட்டா புதர்கள் பூக்க ஆரம்பிக்கும், யூகலிப்டஸ் பூத்திருக்கும், பூச்சியும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அந்தப் பறவைக்கு உங்கள் பால்கனி தவிர வேறு பல இடங்கள் தெரியும். சியாட்டிலிலோ வான்கூவரிலோ பனி உறையும் வாரத்தில் திடீரென்று ஃபீடரை எடுப்பதென்றால் வேறு விஷயம். அங்கே அப்போது பூவே இல்லை, யாரையாவது தொடர்ந்து ஊற்றச் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கு அது தேவை இல்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஃபீடரைக் காலி செய்து, கழுவி, காயவைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பாதித் தண்ணீரோடு ஒரு மாதம் தொங்கவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள்.